அண்ணி எடுக்காத படம்

அந்த நீளமான லென்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது பஸ்ஸில்தான். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது என்பதால் எங்களுக்கு எல்லாமே, மணப்பெண் உட்பட, பஸ்ஸில்தான் வந்து இறங்கும். சென்னையிலிருந்து வந்த அந்தப் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் லென்ஸ் பை, அதற்குப் பக்கத்து இருக்கையில் அதை வாங்கிவந்த அண்ணி. பையைத் தூக்கி மேலே வையுங்கள் என்று நடத்துனர் சொன்னதற்கு, "அதுக்கும் சேத்து ஒரு டிக்கெட் கிழிங்க" என்றாராம். அண்ணன் அன்று முழுக்க அந்த லென்ஸை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கல்யாண மண்டபத்தில் இதை வைத்து எதை எடுப்பது, பந்தியில் கடைசி வரிசைக்காரர் மூக்கையா என்று கேட்டார். அண்ணி லென்ஸைத் துடைத்து மூடி போட்டார்.

எங்கள் ஸ்டூடியோ போர்டில் இருப்பது அண்ணன் பெயர். படம் எடுப்பது அண்ணி. அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆல்பம் கோப்பார். நான் பள்ளிக்கூட டீச்சர். லீவு நாளில் அண்ணியோடு போய் லைட் பிடிப்பேன், திட்டு வாங்குவேன். மேடையில் நடுவே நிற்கிற பெரிய மனிதர்களைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளுங்க சார், உங்க முதுகை வச்சு ஆல்பம் போட முடியாது" என்று சொல்கிற ஒரே ஆள் எங்கள் ஜில்லாவில் அண்ணியாகத்தான் இருக்கும். அவர்களும் தள்ளுவார்கள். அந்தக் குரலுக்குத் தள்ளாமல் இருக்க முடியாது.

அண்ணியின் கேமராவில் ஒரு விசேஷம் உண்டு. பின்பக்கத் திரை மீது கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருப்பார். வந்த புதிதில் எறையூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில், எடுத்த படம் சரியாக வந்திருக்கிறதா என்று திரையைக் குனிந்து பார்த்த நேரத்தில் தாலி கட்டி முடித்துவிட்டார்கள். இன்னொரு தடவை கட்டச் சொல்லவா முடியும்? பெண்ணின் அப்பா அன்று பேசிய பேச்சை அண்ணி யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. மறுநாள் டேப்பை ஒட்டிவிட்டார். "நடக்கிறதை நடக்கும்போது பாக்கணும், எடுத்ததை வூட்டுக்கு வந்து பாத்துக்கலாம்" என்பார்.

லென்ஸைப் பழகியது பறவைகள் வந்து கூடும் கரைவெட்டி ஏரியில். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு போய்விடுவார். அத்தனை நீள லென்ஸ் வழியாகப் பார்ப்பது ஊசிக் காதில் கண்ணை வைத்துப் பார்ப்பது மாதிரி. வாத்து ஒன்றை லென்ஸில் பிடித்து வைத்திருக்கும்போது ஒரு தும்மல் வந்தால் போதும், வாத்தும் போச்சு, ஏரியும் போச்சு. மறுபடி அதே இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடும். நான் பத்து நிமிஷத்தில் சலித்து வேர்க்கடலை உரிக்க ஆரம்பித்துவிடுவேன். அண்ணி ஒரு மணி நேரம் ஒரே பறவையோடு நிற்பார்.

அப்போதுதான் அந்தக் கல்யாணம் வந்தது. பெண் எங்கள் ஊர், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. மாப்பிள்ளை மாமல்லபுரத்துக்கு அந்தப்பக்கம் ஒரு மீனவர் குப்பம்; கடல் அலையில் பலகை மேல் நின்று சறுக்கிப் போகிற சர்ஃபிங் விளையாட்டைச் சொல்லிக்கொடுப்பவர். இவள் கற்றுக்கொள்ளப் போனாள், அவரையே கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றாள். இரண்டு வீட்டிலும் சண்டை நடந்து ஓய்ந்து, கடைசியில் சம்மதமாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்பே அவர் அலையில் போவதைப் படம் எடுத்து ஆல்பத்தின் முதல் பக்கத்தில் போட வேண்டும் என்பது பெண்ணின் ஆசை. அண்ணி அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். மூக்குக் கதையை அண்ணன் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

அந்தக் குப்பத்துக் கரையில் முதல் நாள் காலை அண்ணி நூற்றுக்கணக்கில் எடுத்துத் தள்ளினார். இடைவேளையில் மாப்பிள்ளை ஆசையாக டேப்பை விலக்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா, என் மூஞ்சிதான் இருக்குது. அலை எங்கக்கா?" கல்யாண வீட்டில் முகம் தெரியாவிட்டால் சண்டைக்கு வருவார்கள், அந்தப் பயத்தில் அண்ணி அவர் முகத்தை மட்டும் பெரிது பெரிதாக எடுத்து வைத்திருந்தார். ஒவ்வொரு படத்திலும் மாப்பிள்ளை ரேஷன் கார்டுக்கு நிற்பவர் மாதிரி இருந்தார். அண்ணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, இனிமே அலையும் பொண்ணு வூட்டு ஆளுதான். விடமாட்டேன்" என்றார்.

மறுநாள் எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தது. வெயில் ஏறிய பிறகு, போதும் என்று பெண் சொன்ன பிறகும், கடைசியாக ஒன்று என்று மாப்பிள்ளை தூரத்து அலைக்குப் போனார். பெரிய அலை. ஏறினார், விழுந்தார். விழுவது அவருக்குப் பழக்கம்தான், நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம். ஆனால் பலகை மட்டும் தனியாகக் கரைக்கு வந்தது. பலகையை அவர் காலோடு சேர்த்துக் கட்டியிருந்த கயிறு அறுந்திருந்தது. நான் கடலைப் பார்த்தேன். தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை.

"இருக்காரு" என்றார் அண்ணி, லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒத்தைக் கையாலதான் அடிக்கிறாரு. உள்ள இழுத்துக்கிட்டுப் போவுது."

மாப்பிள்ளையின் அண்ணன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஃபைபர் படகைத் தள்ளினார். படகில் உட்கார்ந்தால் அலை முதுகுக்கு அந்தப்பக்கம் ஒரு தலை தெரியாது; நாங்கள் நின்ற மணல்மேடு கொஞ்சம் உயரம். அதனால் ஏறுவதற்கு முன் ஓடி வந்து என்னிடம் சொன்னார்: "அக்கா, நீங்க லென்ஸ் நீட்டியிருக்கற தெசையப் பாத்து, எந்தப் பக்கம் திரும்பணுமோ அந்தப் பக்கம் கைய நீட்டுங்க. நேரா போறோம்னா மேல தூக்கியே வைங்க. எறக்கிட்டீங்கன்னா ஆளு காணோம்னு அர்த்தம், இஞ்சினை நிறுத்திட்டு அங்கயே தேடுவோம்."

துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு தூக்கினேன். அண்ணி லென்ஸை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். ஒவ்வொரு அலை தாழ்ந்ததும், "இருக்காரு" என்பார். அலை ஏறும்போது மௌனம். மறுபடி, "இருக்காரு." அந்த ஒரு சொல்லுக்காகக் கரை முழுக்கக் காத்திருந்தது. எனக்குத் தெரிந்த செபமெல்லாம் மறந்து, மாதாவே, மாதாவே என்று மட்டும் வாய் முணுமுணுத்தது.

பெண் ஓடி வந்து அண்ணியின் தோளைப் பிடித்தாள். "அக்கா, நான் பாக்கணும். ஒரே ஒரு தடவை அக்கா."

"தொடாத" என்றார் அண்ணி.

"அவரை நான் ஒரு தடவை பாத்துடுறேன் அக்கா, கும்பிடுறேன்."

"தொடாதன்னு சொல்றேன்ல. அந்தப் பக்கம் போ."

அப்படி ஒரு குரலை அண்ணியிடம் அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். கையை இறக்கிவிட்டு அவளை அணைத்துக்கொள்ள வேண்டும் போல எனக்கு இருந்தது. அண்ணி மேல் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு கல்மனசா என்று நினைத்தேன், நினைத்ததை இப்போது மறைக்க விரும்பவில்லை.

படகு அவரிடம் போய்ச் சேர்ந்தபோது என் கை மரத்துப் போயிருந்தது. தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தார்கள். பலகை அடித்து வலது தோள் மூட்டு விலகியிருந்தது, வேறொன்றும் இல்லை. பெண் அவர் நெஞ்சில் விழுந்து அழுதாள், அடித்தாள், மறுபடி அழுதாள். அண்ணி அப்போதுதான் கண்ணை எடுத்தார். கண்ணைச் சுற்றிக் கேமராவின் ரப்பர் அழுத்திய வட்டம் சிவந்து கிடந்தது.

ஊருக்கு வந்ததும் அண்ணன் கேமரா கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். மாப்பிள்ளை அலையில் ஏறியது வரை இருந்தது. அதற்கு மேல் ஒன்று கூட இல்லை. நிமிஷத்துக்கு நூறு தட்டுகிற கையாச்சே என்று அவருக்கு ஆச்சரியம். அண்ணி சொன்னார்: "ஒவ்வொரு கிளிக்குக்கும் கேமராவுக்குள்ள ஒரு கண் சிமிட்டற நேரம் இருட்டாயிடும். அந்த இருட்டுல அவரு போயிட்டா?" கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. கட்டுப் போட்ட கையோடு மாப்பிள்ளை தாலியின் ஒரு நுனியைப் பிடிக்க, மறு நுனியை அவர் அக்கா பிடித்துக் கொடுத்தார். அண்ணி அதை ஒரு படம் விடாமல் எடுத்தார்.

இப்போது அண்ணி வைத்திருப்பது புதுக் கேமரா. எத்தனை தட்டினாலும் அந்த இருட்டு வருவதில்லை. போன மாதம் அதே கரையில் சர்ஃபிங் போட்டி நடந்தது, அவர்களே எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். எங்களைப் போல நீள லென்ஸோடு பத்துப் பேர் வரிசையாக நின்றார்கள். எல்லாரும் தட்டித் திரையைப் பார்ப்பதும், பார்த்துத் தட்டுவதுமாக இருக்க, அண்ணி மட்டும் கண்ணை எடுக்காமல் நின்றதைக் கண்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அன்னைக்கு நீங்க ஒரு தடவை கூட அவரை விடவே இல்லல்ல அண்ணி?" என்றேன்.

"விட்டுட்டேன்" என்றார், கடலைப் பார்த்தபடியே. "பாதியிலேயே விட்டுட்டேன். நாலஞ்சு அலைக்கு ஆளே இல்ல, வெறும் தண்ணி."

நான் அண்ணி பக்கம் திரும்பினேன். "இருக்காரு இருக்காருன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்களே?"

"சொன்னேன். எந்தப் பக்கம் எவ்ளோ வேகமா போயிக்கிட்டு இருந்தாரோ, அப்படியே லென்ஸைத் திருப்பிக்கிட்டு இருந்தேன். எந்திரிச்சா அங்கதான் எந்திரிக்கணும். அப்பதான் அந்தப் பொண்ணு வந்து கேட்டுச்சு, பாக்கணும்னு. எதைக் காட்டுறது?"

"எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா கையை இறக்கியிருப்ப."

இறக்கித்தான் இருப்பேன்.