அத்தையின் கம்ப்யூட்டரில் காணாமல் போன கல்யாணம்

எங்கள் வீட்டில் இடிக்குப் பயப்படாத ஒரே ஆள் அத்தைதான். எங்கள் ஊரான குனோங் ராபாட்டில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சுண்ணாம்புக் குன்றுகளுக்குப் பின்னாலிருந்து இடி கிளம்பி வந்துவிடும். அம்மா நிலைக்கண்ணாடியைத் துணி போட்டு மூடுவார். சித்தப்பா டிவி வயரைப் பிடுங்குவார். நான் கட்டிலுக்கடியில் இருப்பேன். அத்தை மட்டும் சன்னலோரம் உட்கார்ந்து காப்பி குடிப்பார். பெரியவளானதும் அத்தையைப் போலத்தான் ஆவது என்று எனக்குள் ஒரு தீர்மானம் இருந்தது.

அத்தை, அப்பாவின் தங்கை. வார நாட்களில் ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலை. ஓய்வு நாட்களில் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பார். எனக்குப் பத்து வயதிருக்கும். யாரும் வீட்டில் இல்லாத ஒரு மத்தியானம் இடி விழுந்து, அவருடைய கம்ப்யூட்டரின் மதர்போர்டு கருகிப்போனது.

அத்தை அசரவில்லை. புது மதர்போர்டு வாங்கிவந்தார். கடைக்காரர் சொன்னார் என்று விரல் நீளத்தில் ஒரு புது டிஸ்க்கும் வாங்கி மதர்போர்டின் மேலேயே பொருத்தினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறியதும், சாப்பாட்டு மேசையில் வைத்தே எல்லாவற்றையும் மாட்டிவிட்டார். கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. நான் கைதட்டினேன்.

ஆனால் பழைய ஹார்ட் டிஸ்க் இரண்டையும் காணவில்லை. பெட்டிக்குள் இருந்தன, திரையில் இல்லை.

ஒன்றில் பீடோர் என்ற ஊரில் எடுத்த ஒரு கல்யாணம் இருந்தது. மற்றதில், எதற்கும் இருக்கட்டும் என்று அத்தை எடுத்துவைத்த அதன் நகல். அந்தக் கல்யாண விருந்தில் பெண்ணின் அப்பா மைக்கை வாங்கி ஒரு பழைய பாட்டுப் பாடியிருக்கிறார். அடுத்த மாதமே மாரடைப்பில் போய்விட்டார். வீடியோவை வாங்க அவர் மனைவி அன்று சாயங்காலம் வருவதாக இருந்தது.

அத்தை ஸ்க்ரூ கழற்றிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா போன் செய்தார். ஸ்பீக்கரில் குரல் கேட்டது.

"தங்கச்சி, அவரு பாடுனாரே, அது முழுசா வந்திருக்காம்மா?"

"எடுத்தது முழுசாத்தான்க்கா எடுத்தேன். ஆனா இடி அடிச்சு கம்ப்யூட்டரு போயிருச்சு. இப்பத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். சாயங்காலத்துக்குள்ள ஒரு பதிலு சொல்றேன்."

"சரிம்மா," என்று மட்டும் அந்தப் பக்கமிருந்து வந்தது.

"ஏன் இப்பவே சொன்ன? ரெண்டையும் இடி அடிச்சிருச்சுலா," என்றார் சித்தப்பா. "போனது போனதுதான். யாரு உன்னைய குத்தம் சொல்லப் போறாங்க?"

அத்தை என் கையைப் பிடித்து டிஸ்க்கின் மேல் வைத்தார். பூனையின் வயிற்றைத் தொட்டதுபோல உள்ளே மெல்லிய அதிர்வு.

"செத்தது எப்படிலா சுத்தும்?" என்றார், சித்தப்பாவைப் பார்த்து.

கேபிளை மாற்றினார். டிஸ்க்குகளை இடம் மாற்றினார். கம்ப்யூட்டர் எழும்பும்போதே தடுத்து நிறுத்தி, அப்போது வரும் நீலநிற அமைப்புத் திரையில் தேடினார். ஒவ்வொரு முறையும் இரண்டு டிஸ்க்குக்கும் உரிய இடம் காலியாகவே இருந்தது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டார், அத்தை எழுந்திருக்கவில்லை. அவர் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. எனக்கு அதுதான் அதிசயமாக இருந்தது. கணக்குப் பாடத்தில் ஒரு விடை வராவிட்டாலே அழுகிறவள் நான்.

கடைசியில் எல்லாவற்றையும் கழற்றி மேசையில் பரப்பினார், அந்தப் புது டிஸ்க் உட்பட. "ஒண்ணொண்ணா மாட்டிப் பார்ப்போம்." பழைய இரண்டை மட்டும் மாட்டி பட்டனை அழுத்தினார்.

இரண்டு பேரும் திரையில் வந்துவிட்டார்கள்! புதியதைச் செருகினார், காணாமல் போனார்கள். எடுத்தார்; வந்தார்கள்.

"பேயா?" என்றார் சித்தப்பா.

"பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. புது டிஸ்க்குக்கும் இந்த சாக்கெட்டுக்கும் ஒரே வழிலா. புதுசு வந்து குந்துனா இந்த ரெண்டு சாக்கெட்டும் வேலை செய்யாது. வேற சாக்கெட்டுல மாட்டணும்."

வேறு சாக்கெட்டுகள் இருந்தன. ஆனால் வீடியோ வேலைக்காக வைத்திருந்த பெரிய கிராபிக்ஸ் அட்டையைத் திரும்ப மாட்டினால் அது அவற்றின் மேல் வந்து உட்கார்ந்தது. தலை வளைந்த கேபிள் இருந்தால்தான் அடியில் நுழையும். யாரும் கேட்காமலே சித்தப்பா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மழையில் டவுனுக்குப் போனார். சட்டைக்குள் கேபிளை வைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட வந்து நின்றார்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டில் ஓர் ஆண் குரல் பாடியது. சுருதி எங்கெங்கோ போய் வந்தது. நடுவில் ஒரு வரியை மறந்து, அவரே சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். சித்தப்பா தலையைத் துவட்டவும் மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் அத்தை போனை எடுத்தார். "அக்கா, முழுசா இருக்கு. வாங்க." அவ்வளவுதான் பேசினார்.

பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நான் போய்க் கதவைத் தட்டப் பார்த்தேன்.

"விடு," என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கை கழுவட்டும்."

நானும் நம்பினேன். புது மதர்போர்டில் இவ்வளவு தூசி இருக்குமா என்றுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.