உப்புக் கிணறு

அவள் மேல் எனக்குப் பொறாமை. கொஞ்ச நஞ்சமல்ல, வயிறு எரியும் பொறாமை.

எங்கள் தீவில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் குறைவு. என் வீட்டுக் கிணறும் உப்பு, இரண்டு வளவு தள்ளியிருந்த அவள் வீட்டுக் கிணறும் உப்பு. ஆனால் நான் தினமும் குடத்தோடு அரை மைல் நடந்தேன். அவளுக்கோ குடிக்கவும் குளிக்கவும் மாட்டுவண்டியில் பீப்பாய் நிறையத் தண்ணீர் வாசலில் வந்து இறங்கும். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் தெற்கே இருந்த கடை எரிந்து ஊர் திரும்பிய அவள் கணவர் செய்த ஏற்பாடு அது. காலையில் வெறுங்குடத்தோடு வாசல் படலையடியில் நின்று அந்த வண்டி போவதைப் பார்ப்பேன். எங்களுக்கு ஒரே வயது. அவள் கை வாளிக் கயிறு பிடித்ததே இல்லை என்று நினைக்கும்போது எரிச்சல் இன்னும் கூடும்.

நான் தீவின் சின்ன ஆஸ்பத்திரியில் துண்டு எழுதுகிறவள். பெயர், வயது, என்ன வருத்தம் என்று கேட்டுக் கொப்பியிலும் துண்டிலும் எழுதி, வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி ஐயாவிடம் அனுப்பவேண்டும். அங்கேயும் அவள் என்னை விடவில்லை. கணவர் குடை பிடித்துக் கூட்டி வருவார். வாங்குப் பலகையைத் துடைத்துவிட்டு இருத்துவார். எனக்குக் காய்ச்சல் என்றால் என் மனுசன் "குளிசையைப் போட்டிட்டுப் படு" என்பதோடு சரி.

"என்ன நடந்தது?" என்று கேட்டால் அவள் வாய் திறக்கமாட்டாள். அவர்தான் சொல்லுவார்.

"கிணத்தடியிலை வழுக்கி விழுந்திட்டா, தங்கச்சி."

மணிக்கட்டு வீங்கி வந்தபோது அப்படி எழுதினேன். புருவம் வெடித்து வந்தபோதும் அப்படியே எழுதினேன். பதில் சொல்லக்கூட ஒரு ஆள் வைத்திருக்கிறாளே என்று மனதுக்குள் கறுவிக்கொண்டுதான் எழுதினேன். பெண்கள் மேல் விழும் அடி உலகம் முழுக்க ஒரு சுகாதாரப் பிரச்சினை என்று பல வருடம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். என் கொப்பியில் அதற்குப் பெயர் கிணற்றடி.

மூன்றாம் முறை காதில் இரத்தம். அவர் அதே வசனத்தைச் சொன்னார். பாதி எழுதியபோது, அன்று காலையும் தண்ணீர் வண்டி என்னைத் தாண்டிப் போனது நினைவில் வந்தது. கிணற்றடிக்கே போகாதவள் என்றுதானே இவ்வளவு நாளும் வெந்து செத்தேன்! பேனை நின்றுவிட்டது.

காதைப் பார்த்த அப்போதிக்கரி ஐயா, யாழ்ப்பாணம் கொண்டுபோகவேண்டும் என்றார். படகுக்குச் சொல்லிவிட்டு வரும்படி அவள் கணவனை அனுப்பினேன். ஆள் மறைந்ததும் கேட்டேன்.

"உங்கட வீட்டிலை ஆர் கிணத்தடிக்குப் போறது?"

"ஒருத்தரும் போறேல்லை" என்றாள். பிறகு, "அவர் அடிச்சவர். மூண்டு தரமும்."

எழுதியதை வெட்டிவிட்டு அதை எழுதினேன். ஐயாவிடம் சொல்லி அவனைக் கரையில் நிறுத்திவிட்டு, நானே அவளோடு படகேறினேன். யாழ்ப்பாணத்தில் இருந்த தமையன் அவளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அந்தக் காது பிறகு கேட்கவேயில்லை.

அன்று படகில் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகும் வழியில், என்ஜின் சத்தத்துக்குள், அவளுடைய நல்ல காதுப் பக்கம் போய் இருந்து, "எனக்கு முதலே விளங்கேல்லை" என்றேன்.

அவள் கடலைப் பார்த்தபடி சொன்னாள். "முதல் நாளே நீர் கேப்பீர் எண்டு நினைச்சனான். எங்கட வண்டியை ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டு நிண்டது நீர்தானே."