கொஞ்சம் இடது பக்கம் போங்க

நிலக்காட்சிப் படம் எடுக்கிறவனுக்கு வெயிலோ மழையோ எதிரி இல்லை, குறுக்கே வந்து நிற்கிற மனுஷன்தான் எதிரி. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைகிற என் சக பாவிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாலு பஸ் மாறி, முட்டிவலியோடு பாறை ஏறி, ஸ்டாண்டை நிறுத்தி, வெளிச்சம் சரியாக விழுகிற நேரம் பார்த்து ஒரு குடும்பம் முறுக்குப் பொட்டலத்தோடு வந்து நட்ட நடுவில் உட்காரும். அந்த வயிற்றெரிச்சலோடு இருபது வருஷம் ஓட்டிவிட்டேன். அது என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் இதில் எழுதியிருக்கிறேன். சிரிக்க அதிகம் கிடைக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மலைக்கோட்டை வேண்டாம்

உறையூரில் எனக்கு ஒரு சின்னக் கடை. லாட்ஜ், ஆபீஸ், ஆஸ்பத்திரி இப்படிப்பட்ட இடங்களின் சுவருக்குப் பெரிய படமாகச் சட்டம் போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. ஆரம்பத்தில் திருச்சிக்காரன் எல்லாரும் செய்கிற அசட்டுத்தனத்தை நானும் செய்தேன். மலைக்கோட்டையைக் காலையில் எடுத்தேன், சாயங்காலம் எடுத்தேன், காவிரிப் பாலத்திலிருந்து எடுத்தேன், மழையில் நனைந்துகொண்டும் எடுத்தேன். ஒன்றும் போணியாகவில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜ் முதலாளி என் ஆல்பத்தை விசிறி மாதிரி புரட்டிவிட்டு மேஜை மேல் போட்டார். "மலைக்கோட்டையை நான் மொட்டை மாடியில துணி காயப்போடும்போதே பாக்கறேங்க. வர்றவன் இது எந்த ஊருன்னு கேக்கணும், அந்த மாதிரி ஒரு கோட்டை கொண்டாங்க."

ஈ காக்கா இல்லாமல்

அப்படித்தான் அந்தக் கடல் கோட்டையைத் தேடிப் பிடித்தேன். தெற்கே, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற கரும்பாறை மேல் பாழாய்க் கிடக்கிறது. கூரை கிடையாது. மதிலில் பாதியைக் கடல் தின்றுவிட்டது, மீதியை உப்புக் காற்று தின்றுகொண்டிருக்கிறது. பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஞாயிற்றுக்கிழமையே வேன் பிடித்துவிடுவீர்கள், அங்கே கைப்பிடிச் சுவர் எதுவும் இல்லை.

இடிந்த கோட்டைப் படத்துக்கு ஒரே ஒரு நிபந்தனைதான், ஆள் தெரியக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் செருப்பு தெரிந்தால்கூடப் பாழடைந்த களை போய்விடும். அதனால் எங்கள் வழக்கம் இது: சொன்னால் நகர்கிற ஆளை நகரச் சொல்லிவிடுவோம். நகராதவர்களைத் தில்லைநகரில் பிரிண்ட் போடுகிற ஜெயந்தி கம்ப்யூட்டரில் அழித்துவிடுவாள். ஒரு தடவை கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு என்று ஒரு கூட்டமே வந்துவிட்டது. மாப்பிள்ளை, பொண்ணு, குடை பிடிக்கிறவர், பூ தூவுகிறவர் என்று ஒன்பது பேர். அத்தனை பேரையும் ஜெயந்தி ஒரே மத்தியானத்தில் அழித்து முடித்தாள். முடித்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு சார். குண்டு போட்ட ஊரு மாதிரி ஒரு ஈ காக்கா இல்லை."

கட்டம் போட்ட நீலச் சட்டை

ஆனி மாதக் கடைசி. அலை பாறையில் மோதி ஆள் உயரத்துக்குத் தெறித்துக்கொண்டிருந்தது. சாயங்கால வெளிச்சம் மதில் மேல் சாய்வாக விழுகிற நேரம், மிஞ்சிப் போனால் பத்து நிமிஷம் நிற்கும். கேமரா ஸ்டாண்டில் இருந்தது. நாலு செகண்டுக்கு ஒரு படம் தானாக விழுகிற மாதிரி வைத்திருந்தேன். மதில் முனையில் ஒரு ஆள். கட்டம் போட்ட நீலச் சட்டை, ஆபீஸ் பேன்ட், முப்பத்தைந்து வயசு இருக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றார். ஐந்து நிமிஷம் பொறுத்தேன். நகர்கிற வழியாக இல்லை. வாய்க்குள் என்னென்னவோ திட்டினேன், அதை இங்கே எழுத முடியாது.

கடைசியில் விசில் அடித்தேன். திரும்பினார். "சார், கொஞ்சம் இடது பக்கம் போங்க" என்று கத்தி, கையையும் ஆட்டிக் காட்டினேன். ஏன் இடது பக்கம் என்று நம் ஆட்களுக்குப் புரியும். பாதை இருப்பது வலது பக்கம். அந்த வழியாக வந்தால் படத்தைக் குறுக்கே முழுசாகக் கடந்து வர வேண்டும், அதற்குள் வெளிச்சம் போய்விடும். இடது பக்கம் இடிந்த கொத்தளம் ஒன்று நிற்கிறது. அதற்குப் பின்னால் இரண்டு எட்டு வைத்தால் ஆள் மறைந்துவிடுவார். அந்தக் கோட்டைக்கு இருபது தடவையாவது போயிருப்பேன், கொத்தளத்துக்குப் பின்னால் கால் வைக்க இடம் இருக்கிறதா என்று ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை. அங்கே எடுக்கப் படம் இல்லை, அதனால் பார்க்கவில்லை. அவர் சரி என்கிற மாதிரி கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். 'அப்பாடா, தொலைஞ்சான்' என்றேன். அதற்குப் பின் விழுந்ததுதான் நான் எடுத்ததிலேயே நல்ல படம்.

மூட்டையைக் கட்டிக்கொண்டு சந்தோஷமாக இறங்கினேன். கீழே டீக்கடை அம்மா, மேலே இன்னும் யாராவது இருக்கிறார்களா, ஒரு பைக் நிற்கிறதே என்று கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நீலச் சட்டை என் நினைவிலேயே இல்லை. தலைக்குள் படம்தான் இருந்தது, படத்தில் ஆள் இல்லை. யாரும் இல்லம்மா, நான்தான் கடைசி என்றேன். அந்த அம்மா பாய்லரைத் திறந்து பார்த்துக்கொண்டே சொன்னது: "அப்பச் சரி சார். யாராச்சும் இருந்தா ஆளுங்களை அனுப்பிப் பாக்கச் சொல்லலாம்னு நெனச்சேன்."

டாக்டர் சொன்ன அமைதி

அந்தப் படத்தைப் புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி வாங்கியது. நோயாளியோடு வந்தவர்கள் காத்திருக்கிற ஹாலுக்கு. டாக்டருக்கு முதலில் ஒரு சங்கடம். இடிந்த சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் மனசு விட்டுப்போகுமே, கம்ப்யூட்டரிலேயே கொஞ்சம் கட்டிப் பூசி விட முடியாதா என்றார். நான் கொத்தனார் இல்லை என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். கடைசியில் இடிந்தது இடிந்தபடியே இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டார். கீழே இடம், தேதி, என் பேர் போட்டு ஒரு தகடு அடிக்கச் சொன்னார். பேர் போடுகிறார்கள் என்றதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாட்டி முடித்ததும் டாக்டர் இரண்டு அடி பின்னால் போய் நின்று தலையை ஆட்டினார். "ஆளே இல்லாம எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க. இதைத்தான் ஜனங்க பாக்கணும்."

தகட்டில் இருந்த தேதி

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு பெண் கடைக்கு வந்தாள். ஸ்ரீரங்கம், பேர் வைதேகி. கையில் இருந்த போனில் அந்தத் தகட்டைப் படம் எடுத்து வைத்திருந்தாள். மாமியாரை அந்த ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஒரு வாரம் அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தாளாம். அவள் கணவர் ஆபீஸ் வேலையாக அந்தக் கோட்டை இருக்கிற பக்கம் போயிருக்கிறார். கூட வேலை பார்ப்பவரின் பைக்கை வாங்கிக்கொண்டு கோட்டை பார்க்கப் போனவர் திரும்பவில்லை. பைக் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. அவர் காணாமல்போன தேதியும் தகட்டில் இருந்த தேதியும் ஒன்று.

"கிளம்பின அன்னிக்குக் காலம்பற எங்களுக்குள்ள ஒரு சின்னச் சண்டை. தோசை மாவு புளிச்சதுக்கு. அதை மாமியார் கேட்டுண்டிருந்தார்" என்றாள். அவ்வளவுதான், அதிலிருந்து மாமியார் இவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூடச் சுவரைப் பார்த்துக் கேட்பாராம். பெண்டாட்டி பிடுங்கல் தாங்காமல் பிள்ளை எங்கோ போய்விட்டான், இவள் இந்த வீட்டை விட்டுப் போனால் வந்துவிடுவான் என்று பிடிவாதம். அதனால் காரியமும் பண்ண விடவில்லை. சொந்தக்காரர்கள் வேறு மாதிரி சொன்னார்கள், குதித்துவிட்டான் என்று. "ஓடிப்போனார்னாலும் நான்தான் காரணம், குதிச்சார்னாலும் நான்தான் காரணம். எது நடந்ததுன்னாவது எனக்குத் தெரிய வேண்டாமா?" போட்டோவைக் காட்டினாள். முகம் எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை, சட்டை பிடிபட்டது. கட்டம் போட்ட நீலம். ஞாபகம் இல்லையேம்மா என்றேன். அவள் போனை மூடாமல் என்னையே பார்த்தாள். "அன்னிக்குச் சாயந்திரம் படம் எடுக்கறவர் ஒருத்தர், மேல யாரும் இல்லைன்னு டீக்கடைல சொல்லிட்டுப் போனாராம். அதனாலதான் மறுநாள் வரைக்கும் யாரும் தேடலையாம். அது நீங்களா?"

நாலு செகண்ட்

நான் இல்லை என்றேன். ஆமாம், பொய்தான். உங்களில் யாராவது உடனே உண்மையைச் சொல்லியிருப்பேன் என்றால் சந்தோஷம், நான் அந்த ரகம் இல்லை. அவள் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஜெயந்தியிடம் ஓடினேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு நிம்மதி. அந்த ஆள் பாறைப் பக்கம் போகவில்லை, எப்படியோ சுற்றிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார் என்று எதிலாவது தெரிந்தால் போதும். நான் தேவையில்லை என்று தள்ளிய படங்களைக்கூட ஜெயந்தி எறியாமல் வைத்திருப்பாள். வரிசையாகத் திறந்தாள். முதுகு. முதுகு. முதுகு. திரும்பிய முகம். தூக்கிய கை. கொத்தளத்தை நோக்கி இரண்டு எட்டு. அடுத்ததில் ஒரு கால் பச்சைப் பாசி மேல் சறுக்கி நீண்டிருக்கிறது, உடம்பு சாய்ந்திருக்கிறது, இரண்டு கையும் கல்லைப் பிடிக்க நீண்டிருக்கிறது. அதற்கு அடுத்தது, நாலு செகண்ட் கழித்து, ஆஸ்பத்திரியில் தொங்குகிற படம்.

அலைச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு அந்த நொடியில் நான் குனிந்து லென்ஸ் துடைக்கிற துணியைத் தேடிக்கொண்டிருந்திருப்பேன். அந்தப் பெண் சொன்னதை எல்லாம் ஜெயந்தியிடம் சொன்னேன். நான் கை காட்டியதையும் சொன்னேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "குதிக்கப் போறவன் கல்லைப் பிடிக்கப் பாக்க மாட்டான் சார். இதைக் கொண்டுபோய் அந்தப் பொண்ணுகிட்ட கொடுங்க."

மாமியார் கேட்ட கேள்வி

பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். போகிற வழியெல்லாம் ஒரு கணக்குப் போட்டேன். படத்தில் அவர்தான் இருக்கிறார், நான் இல்லை. என் விசில் அதில் கேட்காது, என் கை அதில் தெரியாது. அவர் தவறி விழுந்தார் என்பதற்குப் படமே போதும், என்னைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். கீழச் சித்திரை வீதியில் அவர்கள் வீடு. மாமியார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கட்டிலில் படுத்திருந்தார். வைதேகி கதவோரம் நின்றாள். அவளைப் பார்த்து, அன்றைக்குப் பொய் சொன்னேன் என்று மட்டும் சொன்னேன். அவள் பிரிண்டுகளை வாங்கி மாமியார் கையில் கொடுத்தாள்.

மாமியார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிள்ளை கல்லைப் பிடிக்கக் கை நீட்டுகிற படத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். அழவில்லை. பிறகு படத்தின் வலது பக்கம் விரலை வைத்து, பாதை இந்தப் பக்கம் இருக்கே, அவன் அங்கே எதுக்குப் போனான் என்று கேட்டார். வைதேகி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் ஒன்றரை வருஷமாக ஒரே பதில்தான், அது அவள் பேர். என் கணக்கு அங்கே உடைந்தது. "நான்தாம்மா போகச் சொன்னேன். படத்தை மறைச்சுக்கிட்டு நின்னார். கையைக் காட்டினேன், உடனே போயிட்டார்."

திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவன் அப்படித்தான். யார் நகரச் சொன்னாலும் நகர்ந்துடுவான், எதுக்குன்னு கேக்க மாட்டான்" என்றார். அதற்கு மேல் என் பக்கம் திரும்பவே இல்லை. கதவுப் பக்கம் கையை நீட்டினார். "வைதேகி, இங்க வந்து உக்காரு. வாத்யாருக்குச் சொல்லி அனுப்பு, என் குழந்தைக்குக் காரியத்தைப் பண்ணிடலாம்."

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் வந்து கேட்டால் இந்தத் தொழிலுக்குப் பொறுமைதான் முதல் என்று இன்றைக்கும் நான்தான் பாடம் நடத்துகிறேன், எனக்கு அன்றைக்கு இன்னும் ஐந்து நிமிஷம் பொறுக்க முடியவில்லை.