ஸ்னோ கரையட்டும், வாறன்

போன புதன்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் கிடந்த பனிமலை முடிந்துபோனது.

மலை என்றால் மலைதான். டிசம்பரிலிருந்து ட்ரைவ்வேயில் விழுந்ததையெல்லாம் நான் அள்ளி அள்ளி அந்த ஓரத்தில்தான் கொட்டினேன். பெப்ரவரியில் அது என் நெஞ்சு உயரத்துக்கு வந்தது. மார்ச் பிறந்ததும் இடுப்பு. பிறகு முழங்கால். கடைசியில் மண்ணும் உப்பும் கலந்த ஒரு கறுத்த கட்டி மட்டும் மிஞ்சியது. புதன்கிழமை பார்த்தால் அதுவும் இல்லை. அந்த இடத்தில் யாருடையதோ ஒற்றைக் கையுறை ஒன்று கிடந்தது.

பன்னிரண்டு டிகிரி. எதிர்வீட்டுக்காரர் அரைக் காற்சட்டையோடு கார் கழுவிக்கொண்டிருந்தார். இதே பன்னிரண்டு டிகிரிக்கு ஒக்டோபரில் அவர் தொப்பியும் சால்வையும் போட்டிருந்தார். மனிதனுக்கு வெப்பநிலையா முக்கியம்? அதற்கு முன்னால் என்ன பட்டான் என்பதுதான் முக்கியம்.

நான் ஜன்னலடியில் கோப்பிக் கோப்பையோடு நின்றேன். சந்தோசப்பட்டிருக்க வேண்டும்... படவில்லை. பின்னால் என் மனைவி சாந்தி வந்து நின்றாள்.

"முடிஞ்சுது," என்றாள்.

"என்ன?"

"ஸ்னோ. இனி என்ன சாட்டுச் சொல்லப் போறியள்?"

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றி ஓரளவு நல்ல எண்ணம் இருக்கக்கூடும். இந்த வாரம் அது கொஞ்சம் குறையும்.

இந்த ஊரில் எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நவம்பரில் முதல் பனி விழுந்ததும் எல்லாக் காரியத்தையும் ஒரே வசனத்தால் ஒத்திவைத்துவிடுவோம். "ஸ்னோ கரையட்டும், வாறன்." சொந்தக்காரரைப் போய்ப் பார்ப்பது, காலையில் நடப்பது, கொலஸ்ட்ரோலைக் குறைப்பது, கோபித்துக்கொண்ட மச்சானோடு திரும்பக் கதைப்பது - எல்லாமே ஸ்னோ கரைந்த பிறகுதான். பொய் சொன்ன மாதிரியும் இருக்காது. கேட்கிறவர் கோபிக்கவும் முடியாது - அவரும் காலையில் வேறொருவருக்கு அதையேதான் சொல்லியிருப்பார்.

இந்த முறை நான் அதைச் சொன்னது குணம் அண்ணைக்கு. ஜனவரியில். அவருடைய மனைவி ராணி அக்கா இறந்து நாலாம் நாள்.

குணம் அண்ணை யார் என்று கேட்பீர்கள். நான் கனடாவுக்கு வந்த புதிதில் ஒரு வெயார்ஹவுஸில் வேலை செய்தேன். அவரும் அங்கேதான். அவரிடம் கார் இருந்தது, என்னிடம் இல்லை. ஒன்பது விண்டர், விடிய ஐந்து நாற்பதுக்கு என் அபார்ட்மென்ட் வாசலில் அவருடைய கார் நிற்கும். ஒருநாள்கூட "ரோட்டு சரியில்லை, இண்டைக்கு வீட்டை நிக்கிறன்" என்று அவர் சொன்னது கிடையாது.

ஒரு முறை பெரிய பனிப்புயல். தெருவில் ஒரு வாகனமும் இல்லை. அவர் வந்து நின்றார். ஒன்றே முக்கால் மணித்தியாலம் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தால் வெயார்ஹவுஸ் கேற்றில் பூட்டுத் தொங்குகிறது. புத்தியுள்ளவர்கள் எல்லோரும் போன் பண்ணிக் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் இருவரும் காருக்குள் இருந்து, ராணி அக்கா இரண்டு பேருக்குமாகப் பிளாஸ்க்கில் தந்துவிட்ட இஞ்சித் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தோம். அவர் என்னை இறக்கிவிட்டு, "நாளைக்கு இதே நேரம்," என்றார்.

அப்படிப்பட்டவருடைய மனைவியின் செத்தவீட்டுக்கு நான் போகவில்லை.

அன்றைக்கும் பனி கொட்டியது. அவசியமில்லாமல் வெளியே போக வேண்டாம் என்று பொலிஸ் அறிவித்தது. கனடாவில் இத்தனை வருடத்தில் பொலிசின் சொல்லை நான் இவ்வளவு பக்தியோடு கேட்டது அன்றைக்குத்தான். இது அவசியமா, அவசியமில்லையா? நானே கேட்டு, நானே முடிவும் சொன்னேன்.

இப்போது எங்கள் செத்தவீடுகளுக்கு நேரலை உண்டு. ஐபாட்டில் பார்த்தேன். கமராவை மண்டபத்தின் பின்பக்கம் எங்கேயோ வைத்திருந்தார்கள். பாதிக் கதிரைகள் காலி. முன் வரிசையில் குணம் அண்ணையும் கல்கரியிலிருந்து வந்த மகனும். நடுவில் ஒரு தரம் குணம் அண்ணை திரும்பினார். நேராகக் கமராவைப் பார்த்தார். நான் ஐபாட்டைக் கொஞ்சம் சரித்துப் பிடித்தேன்.

அழுதேன். அது உண்மை. சோபாவில் இருந்து அழுதேன்.

பிறகு போன் எடுத்துத்தான் அந்த வசனத்தைச் சொன்னேன். "ஓம், ஓம், ரோட்டு சரியில்லை. பாத்து ஆறுதலா வாரும்," என்றார் அவர். அந்த "ஆறுதலா" என்ற சொல்லை - அவசரமில்லை, மெதுவாக என்று அர்த்தம் - நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம். நேரமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கள் வீட்டில் சம்பிரதாயம், முறை தலைகளைப் பார்க்கிறவள் சாந்தி. செவ்வாயும் வெள்ளியும் துக்கம் கேட்கப் போகக்கூடாது என்பாள். சரி. திங்கள் பனி அள்ளும் வண்டிகள் ரோட்டை மறிக்கும். புதன் எனக்குப் பல் வைத்தியர். வியாழன் அந்தப் பல் வலிக்கும். சனி யாருடையதோ பிறந்தநாள். ஞாயிறு பனி. பார்த்தீர்களா? ஒரு கிழமைக்கு ஏழு நாள் போதாது.

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்குக் குணம் அண்ணையின் மகன் போன் பண்ணிச் சொன்னான். அன்றைக்கு எனக்கு இருமல். இருமல் உண்மை. போக முடியாத இருமல் இல்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. துக்கம் கேட்பதை ஒரு கிழமை பிந்திக் கேட்கலாம். ஒரு மாதம் பிந்தியும் கேட்கலாம். அதற்கு மேல்? ஒவ்வொரு நாளும் போகாமல் இருந்ததற்கும் சேர்த்து அல்லவா பதில் சொல்ல வேண்டும்? பிந்தப் பிந்த வெட்கம் கூடியது. வெட்கம் கூடக் கூட இன்னும் பிந்தியது. அவர் என் மேல் கோபமாக இருப்பார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஒரு நல்ல மனிதனை இழந்துவிட்டேன் என்றே நினைத்திருந்தேன்.

"இண்டைக்குப் புதன். போகக்கூடிய நாள்," என்றாள் சாந்தி. "பல்லும் சுகம். வெளிக்கிடுங்கோ."

வழியில் கடையில் இறங்கினோம். இரண்டரை மாதம் பிந்திப் போகிற துக்க வீட்டுக்கு என்ன கொண்டுபோவது? நான் தோடம்பழத்தை எடுத்தேன்.

"பழம் ஆஸ்பத்திரியிலை கிடக்கிற வருத்தக்காரருக்கு," என்றாள் சாந்தி.

கேக்கைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். வைத்துவிட்டேன்.

"பூ?"

"அவர் என்ன வெள்ளைக்காரரோ?"

கடைசியில் மூன்று பைகளை ஒரு கட்டாக விற்கிற நாலு லீற்றர் பால் வாங்கினோம். தேத்தண்ணி தருவார், பால் இல்லாவிட்டால் சங்கடப்படுவார் என்பது சாந்தியின் கணிப்பு.

நாங்கள் இருக்கும் அஜின்கோர்ட்டிலிருந்து அவர் இருக்கும் யூனியன்வில்லுக்குக் காரில் பதினைந்து நிமிடம். எனக்கு எழுபத்தொன்பது நாள் எடுத்தது. அந்தப் பதினைந்து நிமிடமும் சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தியபோது முதல் வசனம்கூட நினைவில் இல்லை.

குணம் அண்ணை கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார். முகச் சவரம் செய்திருந்தார். சேர்ட் மடிப்புக் கலையாமல் இருந்தது.

"வாரும், வாரும். வா பிள்ளை," என்றார். நேற்றும் வந்து போனவர்களைக் கூப்பிடுகிற மாதிரி.

பாலைக் கொண்டுபோய்க் குளிர்ப்பெட்டியில் வைத்தார். உள்ளே அதே மாதிரி நாலு லீற்றர் கட்டு ஒன்று ஏற்கெனவே இருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"ஒரு ஆளுக்கு உது கூடத்தான். ஒரு பை முடியிறதுக்குள்ளை மற்றது பழுதாப் போகுது. ஆனா கடையிலை கை பழையபடி இந்தக் கட்டைத்தானே எடுக்குது," என்றார்.

ராணி அக்காவின் படத்துக்கு முன்னால் சிறிய மின்விளக்கு எரிந்தது. நாங்கள் கும்பிட்டோம். பிறகு சோபாவில் இருந்தோம். சாந்தி என்னைப் பார்த்தாள்.

"அண்ணை, பிழை விட்டிட்டன்," என்றேன். "நான் அண்டைக்கே வந்திருக்க வேணும். வரேல்லை."

"லைவிலை பாத்தனீர்தானே?"

"ஓம்."

"நான் ஒருக்காத் திரும்பிக் கமராவைப் பாத்தனான். அங்காலை ஆரார் இருக்கினமோ எண்டு யோசிச்சனான். உம்மையும் யோசிச்சனான்."

குத்திச் சொல்கிறாரா, சும்மா சொல்கிறாரா? முகத்தைப் பார்த்தேன். சும்மாதான் சொன்னார். குத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அந்த ஸ்னோவுக்கை ஆர் வாறது? நானே அண்டைக்குச் சறுக்கி விழப் பாத்தனான்," என்றார். ஒன்பது விண்டர் ஐந்து நாற்பதுக்கு வந்து நின்ற மனிதர். எனக்குச் சாட்டு எடுத்துத் தருகிறார். நான் குனிந்து என் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கிவிட்டது.

தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். நல்ல தேத்தண்ணி. கோப்பையைக் கையில் தந்துவிட்டு, சாந்தி பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, ஒண்டு கேக்க வேணும். தேங்காய்ப்பால் சொதிக்குத் தேசிக்காய்ப் புளி விடுறது அடுப்பிலை இருக்கேக்கையோ, இறக்கிப் போட்டோ?"

"இறக்கிப் போட்டு அண்ணை. கொதிக்கேக்கை விட்டா திரைஞ்சு போம்."

"அதுதானே... மூண்டு மாசமாத் திரையுது."

"ஆரையும் கேட்டிருக்கலாமே அண்ணை?"

"ஆரைக் கேக்கிறது? எல்லாரும் எப்பிடிச் சுகம் எண்டு கேக்கப் போன் எடுக்கினம். அவையிட்டைச் சொதியைப் பற்றிக் கேக்கேலுமோ?"

ஜனவரியில் வீடு கொள்ளாத சனமாம். கதிரை காணாமல் பக்கத்து வீட்டுச் சீனக்காரர் ஆறு கதிரை கொண்டுவந்து தந்தாராம். முப்பத்தொன்று முடிந்த மறுநாள் குணம் அண்ணை அவற்றைத் திருப்பிக் கொடுத்தாராம். அதோடு சரி. மகன் ஒவ்வொரு பின்னேரமும் போன் பண்ணுவான். இதையெல்லாம் அவர் குறையாகச் சொல்லவில்லை.

ஒரு மணித்தியாலம் இருந்தோம். எழும்பினோம். வாசலில் குனிந்து சப்பாத்துப் போட்டேன். நாடாவைக் கட்டி நிமிர்ந்தேன். வாய் தன்பாட்டில் சொன்னது:

"அப்ப போயிட்டு வாறன் அண்ணை."

எங்கள் ஆட்கள் எங்கே போனாலும் அப்படிச் சொல்லித்தான் விடைபெறுவோம். பல் வைத்தியரிடம்கூடச் சொல்கிறோம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் சொல்லக்கூடாது - துக்க வீட்டில். வருகிறேன் என்றால் இன்னொரு துக்கத்துக்கு வருகிறேன் என்றாகிவிடுமாம். பேசாமல் எழும்பி, தலையை ஆட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த முறை. அறுபத்து நாலு வயதில் நான் அதைப் பிழைவிட்டேன்.

ஜக்கற் சிப்பை இழுத்துக்கொண்டிருந்த சாந்தியின் கை அப்படியே நின்றது. எனக்குக் காது சுட்டது. எழுபத்தொன்பது நாள் வராமல் இருந்து, வந்த அன்றைக்கு இதையும் செய்துவிட்டேன். இனி என்ன செய்வது? சொன்னதைத் திருப்பி விழுங்கவா முடியும்?

"அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ... வாய் தவறி..."

குணம் அண்ணை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவு சனம் வந்து போச்சுது," என்றார். "ஒருத்தரும் வாறன் எண்டு சொல்லேல்லை. எல்லாரும் முறையாச் சொல்லாமல்தான் போனவை."

வாசற்படியைப் பார்த்தார்.

"சொல்லாமல் போனவை வரவும் இல்லை."

அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"நீர் சொல்லிப்போட்டீர். எப்ப வாறீர்?"

"ஞாயிற்றுக்கிழமை," என்றேன்.

"மத்தியானம் சாப்பிட வாங்கோ. ரெண்டு பேரும். சொதி வைக்கிறன்."

காரில் வீட்டுக்குத் திரும்பினோம். ஒரு துக்க வீட்டு முறையை மீறிவிட்டேன் என்று அவள் ஒரு சொல்லும் சொல்லாதது எனக்குப் பயமாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனோம். சொதி திரைந்துதான் இருந்தது. தேசிக்காயை இறக்கித்தான் விட்டாராம். நாங்கள் வரப் பிந்தியதால், ஆறிப்போய்விடும் என்று திரும்பவும் அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டாராம். நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். சாந்தி அடுத்த முறை தான் பக்கத்தில் நின்று காட்டித் தருவதாகச் சொன்னாள்.

மூன்று மணி போல எழும்பினோம். வாசலில் நான் குனிந்து நாடா கட்டிக்கொண்டிருந்தேன். நான் நிமிர முதலே, முறை தலைகளைப் பார்க்கிற என் மனைவி சொல்லிவிட்டாள்:

"அப்ப போயிட்டு வாறம் அண்ணை."