வக்கீல் அக்காவின் குறுக்கு விசாரணை

எங்கள் அவசரப் பிரிவில் அக்காவுக்கு வக்கீல் என்று பெயர். இருபத்திரண்டு வருஷ நர்ஸ். நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு நான் ஈசிஜி எடுப்பேன். மாரடைப்புதான் என்று டாக்டர் சொன்னதும், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தை அவள் எடுத்து வைப்பாள். வைத்துவிட்டுக் கேள்வியை ஆரம்பிப்பாள். பக்கவாதம் வந்ததா, ஆபரேஷன் நடந்ததா, ரத்த வாந்தி எடுத்தாரா, தலையில் அடிபட்டதா? இதயத்தை அடைத்த கட்டி எது, மூளைக் காயத்தை மூடியிருக்கும் கட்டி எது என்று அந்த மருந்துக்குத் தெரியாது. இரண்டையும் கரைத்துவிடும். இதைப் பொறுமையாக விளக்க அக்காவுக்கு வராது. "வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லுங்கய்யா!" என்று கத்துவாள்.

ஒரு நாள் காலையில் ஒரு தையல்காரரைத் தூக்கி வந்தார்கள். துணிக் கம்பெனியில் மிஷின் ஓட்டுபவர். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கூடவே மனைவியும் மச்சினனும். எதைக் கேட்டாலும் மச்சினன்தான் முந்திக்கொண்டான்.

"பக்கவா..."

"இல்ல."

"ஆபரே..."

"இல்ல."

"நான் கேட்டு முடிக்கட்டுமாய்யா?"

"அதுவும் இல்ல சிஸ்டர், ஊசியப் போடுங்க!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. இன்னொரு கையிலும் பிரஷர் பார்த்துக்கொண்டே, மனைவியிடம் சும்மா பேச்சுவாக்கில் கேட்டாள். "தலைக்கு எப்பம்மா குளிச்சாரு?"

"தையல் பிரிச்சப்புறம் நேத்துதான் சிஸ்..." அந்தம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அக்கா அவர் தலைமுடியை விலக்கினாள். விரல் நீளத்துக்குப் புதுத் தழும்பு. பதினைந்து நாளுக்கு முன்னால் படிக்கட்டில் உருண்டு, அரை மணி நேரம் நினைவில்லாமல் கிடந்திருக்கிறார்.

"அடப்பாவி! என் கையாலயே கொல்ல வச்சிருப்பியேடா!" என்று மச்சினன் மேல் பாய்ந்தாள். எனக்கும் அவனை அறைய வேண்டும் போலிருந்தது. டாக்டர் ஊசியை நிறுத்தி, பலூன் வைத்து அடைப்பை எடுக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்பினார். மச்சினன் சும்மா போனானா? "மருந்தைக் கையில வச்சுக்கிட்டே போட மாட்டேங்கறாங்க!" என்று ஆஸ்பத்திரியே அதிரக் கத்திவிட்டு, புகாரும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். தாமதம் ஏன் என்று அக்காவுக்கு மெமோ வந்தது. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பத்து நாள் கழித்துத் தையல்காரர் தன் காலால் நடந்து வந்தார். நான் விடவில்லை. "உங்க மச்சினன் எல்லாம் ஒரு மனுஷனா?" என்று பிடித்துக்கொண்டேன்.

"அவனைத் திட்டாதீங்கம்மா. நாந்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குப் பக்கத்து மிஷின்காரன் போன மாசம் இங்க வந்தான் சிஸ்டர். நீங்கதான் கேட்டீங்க. முன்னாடி மூளையில ரத்தம் கசிஞ்சுதுன்னு உள்ளதைச் சொன்னான். ஊசி கிடையாதுன்னுட்டீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஆம்புலன்ஸ் வண்டிக்குக் காத்திருந்து இந்தப் பெஞ்சுலயே போயிட்டான். அதுலேர்ந்து எங்க கம்பெனி முழுக்க ஒரே பேச்சு. இங்க வந்தா எது கேட்டாலும் இல்லைன்னு சொல்லிடணும்னு."

அக்காவின் முகம் வெளிறிப்போனது. பிறகு வெடித்தாள்.

"அவருக்கு ஊசி போட்டிருந்தா மண்டைக்குள்ள ரத்தம் கொட்டியிருக்கும்யா. அவரையும் அனுப்பத்தான் பாத்தோம். உங்களுக்கு வண்டி வாசல்ல நின்னுச்சு, பிழைச்சீங்க. அன்னைக்கு இருக்கற ஒரே வண்டி மந்திரி கூட்டத்துக்கு நிக்கப் போயிருந்துச்சு. ரெண்டு மணி நேரம்! நான் போன்ல கெஞ்சின கெஞ்சல் இவளுக்குத் தெரியும். வண்டி எங்க போச்சுன்னு உங்க கம்பெனியில ஒருத்தராவது கேட்டீங்களா? கேள்வி கேட்ட நான் கொலைகாரி, எனக்கு மெமோ!"

அக்கா ஒரு வெள்ளைத்தாளை தையல்காரர் முன்னால் போட்டுப் பேனாவை நீட்டினாள்.

"இன்னொரு வண்டி வேணும்னு மனு எழுதுங்க. கம்பெனி மொத்தமும் கையெழுத்துப் போடணும். செத்தவர் பேரை முதல்ல எழுதுங்க."