பாவுத் தெருவில் மல்பெரி மரங்கள்

ஆரணிக்கு நான் கிளம்பியது உண்மையில் பக்கத்திலிருக்கும் திருமலைக்காகத்தான். அங்குள்ள சமணக் கோயிலையும் குகையையும் பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை. 2008 ஏப்ரலில் என் தங்கை ரஞ்சனி, "அண்ணா, ஆபீஸ் வேலையா ஆரணி போறேன், துணைக்கு வர்றியா?" என்று கேட்டதும் பையைத் தூக்கிவிட்டேன்.

ரஞ்சனி வேலை பார்ப்பது சென்னையில் ஒரு கம்பெனியில். கம்பெனிச் செலவில் ஊர் ஊராக மரம் நடுவது அவள் பிரிவின் பொறுப்பு. அவள் சேர்வதற்கு முன்பே, மூன்று வருடத்துக்கு முன்னால், ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டில் நெசவாளர் தெரு ஒன்றில் மல்பெரி நட்டிருக்கிறார்கள். பட்டு நெய்யும் ஊருக்குப் பட்டுப்பூச்சி தின்னும் செடி! மேலிடத்துக்கு இந்த யோசனை அவ்வளவு பிடித்துப்போனதாம். இப்போது தெருக்கோடியில் இருக்கும் பொட்டலில் இன்னும் இருநூறு மல்பெரி நடப்போகிறார்கள். சனிக்கிழமை லாரி வருகிறது. அதற்குள் தெருக்காரர்களின் சம்மதத்தை வாங்கி வருவது ரஞ்சனியின் வேலை.

வியாழக்கிழமை மதியம் கோயம்பேட்டில் பஸ் ஏறினோம். காஞ்சிபுரம், செய்யாறு வழி. டிக்கெட் ஆளுக்கு ஐம்பத்திரண்டு ரூபாய், நாலு மணி நேரம். ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் லாட்ஜ், ஒரு அறை இருநூற்றைம்பது. சுத்தம் சுமார்தான், காலையில் வெந்நீர் கிடைத்தது. அரிசி மில் ஊர் என்பதாலோ என்னவோ, சாப்பாடு எந்தக் கடையிலும் ஏமாற்றவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆட்டோ பிடித்தோம். அறுபது ரூபாய்.

"பொடவை எடுக்கவாங்க?" என்றார் டிரைவர்.

"இல்லைங்க, மரம் பாக்க."

கண்ணாடியில் என்னை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார். "ஆரணிக்கு வந்து மரம் பாக்கணும்னு சொன்ன மொத ஆளு நீங்கதாங்க."

தெருவில் இறங்கியதும் எனக்கு அவர் பேச்செல்லாம் மறந்துபோனது. இரு பக்கமும் மரங்கள், ஒவ்வொன்றும் வீட்டுக் கூரையைத் தொடும் உயரம். சாலை நடுவே மஞ்சள் பட்டு இழைகளை நீளமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். புடவைக்குப் பாவு தயாராகிறது. நீளவாட்டு இழைகளை இப்படித் தெருவில் நீட்டி, அறுந்ததைப் பிணைத்து, ஒழுங்கு செய்து சுருட்டுவார்களாம். அதுவரை எல்லாம் சரி. ஆனால் பாவுக்கு மேலே, கிளைக்குக் கிளை எதையோ விரித்துக் கட்டியிருந்தார்கள். ஒரு மரத்தில் உரச்சாக்கு, இன்னொன்றில் தார்ப்பாய். கல்யாணப் பந்தலா? பார்த்தால் அப்படியும் இல்லை.

கிட்டே போய் அண்ணாந்து பார்த்தேன். மூன்றாவது மரத்தில் கட்டியிருந்தது ஒரு ஃபிளெக்ஸ் பேனர். 'பசுமை நாளை' என்று பெரிய எழுத்து, பக்கத்தில் கைகூப்பிச் சிரிக்கும் ஒரு பெரிய மனிதர். அவர் நெற்றியிலும் கன்னத்திலும் கருநீலக் கறை.

ரஞ்சனி என் கையைப் பிடித்தாள். "அண்ணா, அது எங்க எம்.டி."

பாவில் இழை பிணைத்துக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்தார். பெயர் கஸ்தூரி, நாற்பது வயது இருக்கும். ரஞ்சனி யாரென்று தெரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"கோச்சுக்காதீங்க மேடம். பழம் உழுந்துகினே இருக்குது. போன வருஷம் ஒரு பாவு பூரா கறையாயி பெரிய பேஜாராப் போச்சு. துணி கட்டிப் பாத்தோம், சாயம் ஊறி கீழ எறங்குது. மரம் நட்டப்போ உட்டுட்டுப் போன உங்க பேனருதான் ஒரு சொட்டு எறக்கல."

"இந்த மரம் வேண்டாம்னு அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்றாள் ரஞ்சனி.

"எங்களுக்கு மட்டும் இன்னா தெரியும்? நூலு பெங்களூர்லேர்ந்து வருது. பட்டுப்பூச்சிய நான் டிவிலதான் பாத்திருக்கேன். இது இப்டி பழம் பழுக்கும்னு யாரு கண்டா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நட்டவர்களுக்கு நெசவு தெரியாது, நெய்கிறவர்களுக்கு மல்பெரி தெரியாது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை, அதையும் இரண்டு தரப்பும் சேர்ந்தே பிடித்திருக்கிறார்கள்!

ரஞ்சனி சிரிக்கவில்லை. இவற்றை வெட்டிவிட்டு வேறு மரம் வைத்துத் தருவதாகச் சொன்னாள். கஸ்தூரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"வெட்றதா? மூணு கோடை கொடத்துல தண்ணி எடுத்து ஊத்தியிருக்கேன். முன்னெல்லாம் வெயில் ஏர்றதுக்குள்ள ஜல்தியா சுருட்டணும். இப்ப ஒம்போது மணி வரைக்கும் நின்னு செய்யறேன். பழம் கொஞ்ச நாளுதான் மேடம், நெழலு வருஷம் பூரா."

பிறகு எங்களைத் தெருக்கோடிப் பொட்டலுக்கு அழைத்துப் போனார். அது பொட்டலே இல்லை. அங்கேயும் இரண்டு பாவுகள் நீண்டு கிடந்தன. எங்கள் கண்ணுக்குக் காலி இடம். தெருவில் இடம் போதாத வீடுகளுக்கு அதுதான் வேலைக் களம்.

"இங்க வரிசையா நட்டீங்கன்னா நாங்க பாவ எங்க கொண்டுபோயி கட்றது? ஓரத்துல வைங்க, வாணாங்கல. நடுவுல மட்டும் வாணாங்க."  

ரஞ்சனி மேலாளருக்கு போன் செய்தாள். "மக்களுக்கு விழிப்புணர்வு பத்தல, பேசிப் புரியவை. லாரி நாளைக்கு வருது" என்று அவர் வைத்துவிட்டார். என் தங்கை போனைப் பைக்குள் போட்டாள். அப்புறம், "அண்ணா, கேமராவை எடு" என்றாள்.

கறை படிந்த எம்.டி. முகம், அதற்குக் கீழே ஒரு பொட்டுக் கறையும் இல்லாத மஞ்சள் பாவு. ஒரே படத்தில் இரண்டும் வரும்படி, கீழே உட்கார்ந்து எடுத்தேன். ஆரணி பிரவுசிங் சென்டரில், மணிக்கு இருபது ரூபாய், களத்தின் நிலைமையை நாலு வரி எழுதி, அந்தப் படத்தை மேலாளருக்கு அனுப்பாமல் நேராக எம்.டி.க்கே அனுப்பினாள். "வேலை போனா போகட்டும்" என்று அவள் சொன்னது வீராப்புக்கு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் பதில் வந்ததா என்று திறந்து பார்த்தாள்.

சனிக்கிழமை திருமலைப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தபோது மேலாளரிடமிருந்து போன் வந்தது. லாரியை வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்களாம். எம்.டி. கேட்டது ஒரே கேள்வியாம்: "அந்தப் பட்டுல கறை படலையே?" அதற்குப் பிறகு பதினாறடி உயர நேமிநாதர் தீர்த்தங்கரர் சிலை முன்னால் ரஞ்சனி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு உயரச் சிலையைப் பார்க்க நிதானம் வேண்டும். காலையிலேயே போங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள், பாறை சுடும். ஆரணியிலிருந்து ஆட்டோ பேசிக்கொண்டால் காத்திருந்து திரும்பக் கொண்டுவிடுவார்கள், நாங்கள் நானூறு கொடுத்தோம்.

முள்ளிப்பட்டுக்குப் போகிறவர்கள் விடிகாலையில் போனால்தான் பாவு பார்க்கலாம். ஓரமாக நடங்கள், இழையைத் தொடாதீர்கள். உங்கள் கம்பெனியும் எங்காவது மரம் நடக் கிளம்பினால், அந்த இடத்தில் காலையில் என்ன நடக்கிறது என்று ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். காலி இடம் என்று நாம் நினைப்பதில் பாதி யாருடைய பட்டறையோ.

மழைக்காலத்தில் களத்தின் இரண்டு ஓரத்திலும் புங்கன் நட்டார்கள். மரம் நடும் விழாவுக்கு முன்னால் கஸ்தூரி ரஞ்சனிக்கு போன் செய்து ஒரே ஒரு கோரிக்கை வைத்தாராம்.

"இந்தத் தபா பேனரு கொஞ்சம் பெருசா அடிச்சினு வாங்க மேடம். எதுத்த வூட்டு மரத்துக்கும் வேணும்."