கீழ் இலையில் அடைத்த உப்பு

கோவில்பட்டி ரயில் நிலையத்துக்கு எதிரே, டாக்டர் பார்க்க மாட்டார் என்ற தைரியத்தில் கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் கல்லூரி முதல்வரின் போன் வந்தது. “அண்ணாச்சி, செல்லக்கனி மேடம் தவறிட்டாவ. நெஞ்சுவலி.” மிட்டாயை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நிற்கையில் அடுத்த வாக்கியமும் வந்துவிட்டது. “கல்லூரி மலருக்கு ஒரு பக்கம் எழுதிருங்க. பழசைக் கிளற வேண்டாம்.”

பழசைக் கிளறாமல் நினைவஞ்சலி எழுதும் வித்தை எனக்குக் கைவரவில்லை. நான் வணிகவியல் ஆசிரியன்; பத்திரிகைகளுக்குத் துணுக்கு எழுதி வயிறு வளர்த்தவன். மேடம் தாவரவியல். கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும், இலையைப் பறித்து மெல்லுகிற அம்மா. “ஆடு கிளம்பிட்டு” என்று ஆசிரியர் அறையில் நான் கிண்டலடித்தால் திரும்பிப் பார்த்துச் சொல்வார்: “ஆடு வயித்துக்குத் திங்கும் அண்ணாச்சி. நான் சோதனை பண்ணுதேன்.”

அறிவியல் கட்டிடத்துக்குப் பின்னால் கரிசலில் பல ரகக் கம்பு போட்டிருந்தார். போர்வெல்லின் உப்புத் தண்ணீர் மட்டும்தான் பாய்ச்சுவார். ஒருநாள் கீழ் இலை ஒன்றும் மேல் இலை ஒன்றும் கிள்ளித் தந்து என்னையும் ஆடாக்கினார். கீழது கரித்தது. மேலது வெறும் புல்.

“உப்புல இருக்க சோடியம் குருத்துக்குப் போயிட்டா, பொட்டாசியம் பாக்க வேண்டிய வேலையெல்லாம் கெட்டுரும். நொதி ஓடாது. அதனால செடி அதைக் கிழட்டு இலைக்குத் தள்ளிவிட்டு, செல்லுக்குள்ள ஒரு பையில அடைச்சிருது. பைச் சவ்வுல ஒரு புரதம் காவல் நிக்கும். ஒரு புரோட்டானை வெளிய விட்டு, ஒரு சோடியத்தை உள்ள தள்ளும். பைக்கு வெளிய தண்ணி வத்திராம இருக்க, புரோலின்னு ஒண்ணைச் செஞ்சு வச்சுக்கிடும்.”

“நல்ல ஏற்பாடா இருக்கே,” என்றேன்.

“சும்மா நடக்கலை. ஒவ்வொரு தள்ளுக்கும் சக்தி போகுது. கதிர் சிறுத்துப்போறது அதனாலதான்.”

அதிகம் சிறுக்காத ரகத்தைக் கண்டுபிடித்து, கிணறு உப்பாகிப்போன புதூர்ப் பக்கத்தில் உழுது பிழைக்கும் சம்சாரிகளுக்கு விதை கொடுக்க வேண்டும். சில மழைப்பருவங்களாக அவருக்கு வேறு நினைப்பே இல்லை. கீழ் இலைகளை அறுத்துச் சோடியத்தை அளப்பது மட்டும்தான் பாக்கி.

அந்த நேரம் பார்த்துக் கல்லூரிக்கு ஆய்வுக் குழு வந்தது. வளாகம் பச்சையாக இருந்தால் மதிப்பெண் கூடுமாம். நுனி கருகிய கம்பைப் பார்த்து முதல்வர் பதறிவிட்டார். விடுதிப் பெண்கள் குழாயடியில் வாளியோடு நின்ற வாரத்தில், ஒரு லாரி நல்ல தண்ணீரை அந்தப் பாத்தியில் இறக்கினார். மண்ணிலிருந்த உப்பெல்லாம் கீழே இறங்கிவிட்டது. கருகிய கீழ் இலைகளை ரகம் பாராமல் கத்தரித்து ஒரே குப்பையில் போட்டார்கள்.

மறுநாள் மேடத்திடம் முதல்வரே பெருமையாகச் சொன்னார்: “வாடிக் கெடந்துச்சு மேடம். காப்பாத்தி விட்டிருக்கேன்.”

மேடம் குப்பையிலிருந்து ஓர் இலையை எடுத்து மென்றார். “நல்லாத்தான் அடைச்சு வச்சிருந்திருக்கு,” என்றார்.

குழு பசுமையைப் பாராட்டிவிட்டுப் போனது. அடுத்த பருவத்துக்கு மேடம் அதே இடத்தைக் கேட்டார். அங்கே செல்பி எடுக்க மேடை கட்டிவிட்டார்கள். கல்லூரியின் பெயர் ஆளுயர எழுத்தில் நிற்கிறது. நானும் சாய்ந்து நின்று ஒரு படம் எடுத்திருக்கிறேன். தொப்பை தெளிவாக விழுந்திருக்கிறது.

மேடம் மிச்ச விதையைத் தன் வீட்டு மொட்டைமாடித் தொட்டிகளில் போட்டார். கதிர் பால் பிடித்த வாரத்தில் போய்விட்டார்.

இரங்கல் கூட்டத்தில், “எதையும் சிரித்த முகமாகப் பொறுத்துக்கொண்டவர்,” என்றார் முதல்வர். எல்லோரும் தலையாட்டினார்கள். பொறுத்துக்கொள்ள வைத்தவரே சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அன்று மாலை மேடம் வீட்டு மாடிக்குப் போனேன். மேடத்தின் தங்கை நல்ல தண்ணீர் வாளியோடு நின்றார். “அக்கா செடி பாவம், வாடுது அண்ணாச்சி.” நான் வாளியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, போர் தண்ணீரைப் பிடித்து வந்து ஊற்றினேன். அறுப்பு வரைக்கும் தினமும் போய் ஊற்றினேன். விதை இப்போது டப்பாவில் இருக்கிறது. எது எந்த ரகம், எது எவ்வளவு தாங்கியது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

நான் வைத்துக்கொண்டது ஒரே ஒரு கதிர். உப்பைத் தாங்கித் தாங்கி, என் சுண்டுவிரல் நீளம்கூட வளரவில்லை. மேடம் பொறுமைசாலி என்று இனி யார் பாராட்டினாலும், முதலில் அதை அவர்கள் கையில் வைப்பதாக இருக்கிறேன்.